ஆரூட்டுக் கன்னு?

“ஆரூட்டுக் கன்னு அம்மணி இது?” என்று அந்தப் பெரியவர் கேட்டபோது, குழந்தைகள் புத்தகத்துக்கு நான் வரைந்த படம் மனதுக்குப் பிடித்துப்போய்க் கேட்கிறார் என்றே நினைத்தேன். “உங்க மயிலைப் பசுவோட கன்னுதானுங்கய்யா” என்றேன். “எங்கூட்டுது செவலையில்ல?” என்றவர், புத்தகத்தை மூடித் திண்ணையில் வைத்துவிட்டார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

காங்கேயம் மாட்டின் கன்று செவலையாக, அதாவது சிவப்பாகப் பிறந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் மயிலை எனும் சாம்பல் நிறத்துக்கு மாறும் என்பது நான் அறியாததல்ல. அவருடைய மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் கிளுவை வேலியோரம் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தபோது, கன்றுக்குச் செங்காவிதான் தீட்டியிருந்தேன். தாயும் கன்றும் இரு நிறமாக இருந்தால் வேறு மாட்டின் கன்று என்று குழந்தைகள் நினைத்துவிடுவார்கள் என்று பதிப்பகத்தில் சொன்னார்கள். செங்காவியின் மேல் சாம்பலை ஓட்டி அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.

அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆறு மாதம் கடந்த கன்று என்று வைத்துக்கொண்டால் படத்தில் பிழையே இல்லை என்றும் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால், காய்ந்து சுருங்கிய தொப்புள்கொடி வயிற்றடியில் தொங்குவதையும், மடியை முட்டும்போது பின்னங்கால்களை அகட்டி ஊன்றியும் அது தள்ளாடுவதையும் பார்த்துப் பார்த்து வரைந்தவள் நான்தான். ஒரு வாரக் கன்றின் உடம்புக்கு ஆறு மாதக் கன்றின் நிறத்தைப் பூசியதும் இதே கைதான். பெரியவரின் கண் அந்தத் தொப்புள்கொடியில்தான் முதலில் நின்றிருக்க வேண்டும்.

பல கட்டுத்தறிகளில் கலப்பின மாடுகளே நிற்கும் இந்நாளில், மயிலைப் பசு செவலைக் கன்றை ஈனும் என்பதைத் திருப்பூரிலோ ஈரோட்டிலோ வளரும் ஒரு குழந்தை படத்தில் பார்த்தால்தான் உண்டு. அந்த ஒரு வாய்ப்பு என் கையில் இருந்தது.

மறுபதிப்பின்போது திருத்தம் உண்டா என்று கேட்டார்கள். பசுவின் கொம்பு வளைவை மட்டும் சரிசெய்து அனுப்பினேன். கன்றைப் பற்றி எழுதத் தொடங்கிய வரியை அடித்துவிட்டேன். முதல் பதிப்பைப் பார்த்த பிள்ளைகள் குழம்பிப்போவார்கள் என்று அதற்கொரு காரணமும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தத் திண்ணையில் போய் உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.