3,000-க்குச் சற்றுக் கீழே

“பிப்ரவரில வந்து எண்ணினா இங்க யாரு சார் இருப்பா? மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வாங்க, அப்ப எண்ணுங்க.”

ஏற்காட்டுக்குப் பின்பக்க ஊர் ஒன்றில் கிராம சுகாதார செவிலியர் சொன்னது இது. கோபமாகச் சொல்லவில்லை, பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார். “கணக்கெடுக்க ஒரு தேதி வேணுமில்லங்க சிஸ்டர்” என்றேன். சரியான பதில்தான். இன்றும் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் உறுத்துகிறது.

மலையில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். சமவெளி என்றால் 5,000. அந்தச் சுற்றுவட்டக் குக்கிராமங்கள் அந்த வரம்பை எட்டுகின்றனவா என்று பார்க்க, அவற்றின் இன்றைய மக்கள்தொகையை நான் மதிப்பிட்டுத் தர வேண்டும். 2021 கணக்கெடுப்பு நடக்காததால் கையில் இருப்பது 2011 எண்தான். 2001-இல் 30,16,346 ஆக இருந்த சேலம் மாவட்டம் 2011-இல் 34,82,056 ஆனது. 15 சதவீதத்துக்குச் சற்று மேல். அந்த விகிதத்தை அப்படியே நீட்டினால் 3,000 தாண்டிவிடும். யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள். ஆனால் தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்துகொண்டே வருகிறது. 2036 வரைக்குமான மத்திய அரசின் கணிப்பும் நம் மாநில வளர்ச்சி தேய்வதைத்தான் காட்டுகிறது, அதுவும் மாநில அளவோடு நின்றுவிடுகிறது. ஏற்காடு வட்டத்தின் விகிதத்தை எடுக்கலாம் என்றால், விடுதிப் பள்ளிப் பிள்ளைகளும் அங்கேயே எண்ணப்படுகிறார்கள். டவுனில் ஹாஸ்டல் வந்தால், எங்கோ தள்ளியிருக்கும் மலையாளி பழங்குடி மக்களின் ஊரில் சனம் பெருகியதாகக் கணக்கு சொல்லும். அதனால் குறைத்த விகிதத்தைப் போட்டேன். 3,000-க்குச் சற்றுக் கீழே வந்தது.

சிஸ்டரின் பதிவேட்டில் அதைவிட அதிகம். பெயர்களுக்கு எதிரே பென்சிலில் ‘திருப்பூர்’, ‘கேரளா’ என்று குறித்திருந்தார். ஒரு பெண்ணின் வரியில் ‘திருப்பூர்’ அடிக்கப்பட்டு ‘அம்மா வீடு’ என்று இருந்தது. பக்கத்தில் பிரசவத் தேதி. காப்பிப் பழப் பறிப்பு ஓய்ந்ததும் கூலி தேடிக் கீழே இறங்கிவிடுகிறார்கள். 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினார்கள். அந்த நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவர் அங்கே கணக்கில் வரமாட்டார், இருக்கும் இடத்தில்தான் வருவார். இந்த விதி சரியானது. இல்லையென்றால் ஒரே ஆளை இரண்டு ஊரில் எண்ணிவிடுவோம். பனியன் கம்பெனியில் இருக்கும் பெண் திருப்பூரின் ஆள்தான். ஆனால் அவளுடைய ஏழாம் மாதப் பரிசோதனையும், குழந்தையின் முதல் தடுப்பூசியும் இந்த சிஸ்டரின் தலையில்தான்.

நீட்டிய விகிதத்தைப் போட்டிருந்தால், தவறான காரணத்தால் ஊருக்கு நல்லது நடந்திருக்கும். இதை நினைக்கும்போதுதான் தடுமாறுகிறேன். வேண்டிய விடைக்கு ஏற்ற விகிதத்தைத் தேடுவது கணிப்பே ஆகாது. இந்த ஊருக்குக் கூட்டினால் நாளை வேறோர் ஊருக்குக் குறைக்கச் சொல்வார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்த விகிதமானாலும் அது என் தேர்வுதானே? குறைத்ததும் நான்தான்.

பதிவேட்டின் எண்ணைக் குறிப்புப் பகுதியில் சேர்த்திருந்தேன். மேலிடத்தில் தொகுத்த படிவத்தில் குறிப்புக்கென்று இடமே இல்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை. எண்ணுவது மறுபடியும் பிப்ரவரியில்தான். அந்தக் கோப்பு திரும்ப வந்தாலும் விகிதத்தை மாற்ற மாட்டேன் என்றே நினைக்கிறேன். ஒரு வருடத்துப் பிரசவங்களையும் தடுப்பூசிகளையும் தனி அட்டவணையாக இணைத்து, இந்த ஊர்களுக்கு 3,000 என்ற வரம்பைத் தளர்த்தலாமா என்று கடிதத்திலேயே கேட்பேன். அதெல்லாம் உங்கள் வேலை இல்லை என்பார்கள். இல்லாமலும் இருக்கலாம்.