பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள் தனியாகத் திரிந்தால்

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் கடற்கரைப் பூங்காக்களில் கூடாரங்கள் நெருக்கமாக நிற்கும். பெரியவர்கள் பார்பிக்யூவில் மூழ்கியிருக்க, பிள்ளைகள் உங்கள் கயிறுகளுக்கு நடுவே ஓடுவார்கள். எரிச்சல் வரும்தான். முதலில் ஆபத்தைக் கவனியுங்கள்.

கரிதான் பெரிய பயம். தணலை மணலால் மூடினால் அணைந்தது போலத் தெரியும். உள்ளே சூடு பல மணி நேரம் நிற்கும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளை அதில்தான் மிதிக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள், ஆவி நின்றபின் மறுபடி ஊற்றுங்கள். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டவேண்டும். ஐஸும் பற்பசையும் வேண்டாம். கூடாரக் கயிறுகளில் வெளிர்நிறத் துணி கட்டுங்கள், முளைகளை மண்ணோடு சமமாக அடியுங்கள்.

பிள்ளையிடம் பேசும்போது குனிந்து, "தம்பி, அம்மா எங்க? வா, போய்ப் பார்ப்போம்" என்றால் போதும். கூடாரத்துக்குள் அழைக்காதீர்கள். தின்பண்டமும் கொடுக்காதீர்கள், கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது.

பெற்றோரிடம், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "அண்ணே, சின்னவன் தனியா சைக்கிள் பாதைக்குப் போனான்." அங்கே மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வேகம் அனுமதி என்பதையும் சேர்த்துச் சொன்னால் உடனே எழுந்திருப்பார். வளர்ப்பைக் குறை சொன்னால் பேச்சு முறிந்துவிடும்.

கடலுக்குள் தனியாக இறங்கும் பிள்ளையை உடனே கரைக்கு அழைத்து வாருங்கள். பெற்றோரைக் காணவில்லையா? ஒருவர் பிள்ளையுடன் அங்கேயே நிற்கட்டும், மற்றவர் தேடட்டும். கிடைக்காவிட்டால் போலீஸுக்கு 999.