நூலகத்துக்கு வரும் மானியமும் அதைச் செலவிடும் கைகளும்

சொத்து வரி ரசீதில் ‘நூலக வரி’ என்று ஓர் இனம் தனியாக அச்சிடப்பட்டிருக்கும். ரூபாய்க்கு 10 காசு வீதம் நாம் செலுத்தும் அந்தத் தொகைதான் தமிழ்நாட்டில் இயங்கும் 4,500-க்கும் மேற்பட்ட பொது நூலகங்களின் அடிப்படை வருவாய். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் வரைவு எழுதியும் வற்புறுத்தியும் வந்த சட்டத்தை, அன்றைய கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1948-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் அதுவே. மாவட்டங்களில் திரளும் வரிக்கு இணையாக மாநில அரசும் மானியம் தர வேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது. ஆட்சிகள் மாறினாலும் நூலகத்தின் கதவு திறந்திருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள், பணத்துக்கு வழியைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். இன்று படித்தாலும் வியப்பளிக்கும் முன்யோசனை அது.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், அந்தப் பணமும் அதன்மேல் வரும் பிற மானியங்களும் எங்கே போய்ச் சேருகின்றன, எங்கே சேராமல் நின்றுவிடுகின்றன என்பதை எழுத விரும்புகிறேன்.

வரிக்கு அடுத்தபடியாக நூலகங்களுக்குக் கிடைக்கும் முக்கியமான உதவி, ராஜா ராம் மோகன் ராய் நூலக அறக்கட்டளையிலிருந்து வருவது. ராம் மோகன் ராய் பிறந்த 200-ஆம் ஆண்டையொட்டி 1972-இல் தொடங்கப்பட்டு, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு, ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் தன்னாட்சியுடன் இயங்கும் அமைப்பு இது. இதன் திட்டங்கள் இரு வகைப்படும். மாநில அரசு தன் பங்கைச் செலுத்தினால் அறக்கட்டளை தன் பங்கைச் சேர்த்துத் தருவது இணைநிதி உதவி. நூல்கள், அலமாரிகள், கட்டட விரிவாக்கம், கருத்தரங்குகள், நூலகர்களுக்கான பயிற்சி முதலியவை இதில் அடங்கும். மாநிலப் பங்கை எதிர்பாராமல் அறக்கட்டளையே முழுமையாக வழங்கும் உதவிகள் மற்றொரு வகை. குழந்தைகள் பகுதி அமைப்பதற்கான உதவி அவற்றுள் ஒன்று. பட்டியலில் பயிற்சி இருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் ஊதியம் இல்லை.

ஊதியத்துக்கு மானியம் தராததற்குக் காரணம் கேட்டால், அது மாநிலத்தின் நிரந்தரப் பொறுப்பு, ஒருமுறை தரும் உதவியால் அதைச் சுமக்க முடியாது என்பார்கள். நியாயமான பதில்தான். அதனால் விளைவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். மானியத்தில் வாங்கிய நூல்கள் கட்டுக்கட்டாகக் கிளை நூலகத்துக்கு வந்து இறங்குகின்றன. ஒவ்வொரு நூலையும் பட்டியலோடு சரிபார்த்து, வரவுப் பதிவேட்டில் எண் கொடுத்து, முதற்பக்கத்திலும் உட்பக்கத்திலும் முத்திரையிட்டு, முதுகில் எண் ஒட்டிய பிறகுதான் அலமாரியில் வைக்க முடியும். இதைச் செய்பவர் ஒரே ஒருவர். அவரேதான் காலையில் பூட்டைத் திறந்து நாளிதழ்களை விரித்து வைக்கிறார், உறுப்பினர் சேர்க்கிறார், நூல் வழங்கித் திரும்பப் பெறுகிறார், மாவட்ட நூலக அலுவலகக் கூட்டத்துக்கும் போகிறார். அவர் கூட்டத்துக்குப் போகும் நாளில் நூலகம் மூடப்படுகிறது. செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் உரிய நேரத்தில் போய்ச் சேராவிட்டால் அடுத்த தவணை தடைப்படும். அதற்குரிய கணக்குகளைத் திரட்ட வேண்டியவரும் அவரே. மானியத்தைப் பெறவும், பெற்றதைப் பயன்படுத்தவும், பயன்படுத்தியதை நிறுவவும் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆளுக்கு மட்டும் மானியத்தில் இடமில்லை.

ஊர்ப்புற நூலகர்களின் நிலை இன்னும் கடினமானது. தொகுப்பூதியத்தில் பணியில் சேர்ந்து, காலமுறை ஊதியத்துக்காக நெடுங்காலம் கோரிக்கை வைத்து வந்தவர்கள் அவர்கள். கிராமத்துப் பிள்ளைகள் போட்டித் தேர்வு எழுதி வேலைக்குப் போனதில் அவர்களுக்கு உள்ள பங்கு எந்த அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

நிகழ்ச்சிகளுக்கு வருவோம். எங்கள் நூலகத்தில் சனிக்கிழமை மாலையில் குழந்தைகளுக்குக் கதை நேரம் நடத்துகிறோம். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது: வெளியூரிலிருந்து வரும் கதைசொல்லிக்குப் பேருந்துக் கட்டணம், படம் வரையத் தாளும் வண்ணக்குச்சிகளும், பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் சுண்டல். இந்தச் சிறு தொகைக்குப் பொருந்தும் கணக்குத் தலைப்புதான் இல்லை. ஆகவே வாசகர் வட்டம் கொஞ்சம் போடுகிறது, மீதியை நூலகர் தம் கையிலிருந்து போடுகிறார். சுவரில் புரவலர்களின் பெயர்ப்பலகை இருக்கிறது. ஆயிரம் ரூபாய் செலுத்திப் புரவலரான கடைக்காரர், ஆசிரியர், வெளிநாட்டிலிருந்து வந்துபோன முன்னாள் மாணவர் என்று வெள்ளை வண்ணத்தில் எழுதிய பெயர்கள். ஊர் மக்கள் நூலகத்தைத் தமதாகக் கருதுவதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனாலும் நல்லெண்ணத்தை நம்பியே ஒரு நிகழ்ச்சியை ஆண்டு முழுவதும் நடத்துவது பெரும்பாடு.

2022-இல் தொடங்கப்பட்ட நூலக நண்பர்கள் திட்டம் இந்த வகையில் எனக்கு நம்பிக்கை தருவது. நூலகத்துக்கு வர இயலாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தன்னார்வலர்கள் வீட்டுக்கே நூல்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்தத் தன்னார்வலர்களை ஒருங்கிணைத்து, எந்த நூல் எவரிடம் இருக்கிறது என்று கணக்கு வைப்பதற்கும் நூலகத்துக்குள் ஒருவர் வேண்டும் என்பதை மறக்கலாகாது. 1931-இல் மன்னார்குடி வட்டாரத்தில் பொறியாளர் கனகசபைப் பிள்ளையின் கொடையால் ஊர் ஊராகச் சென்ற மாட்டுவண்டி நூலகமும், வண்டியோடு ஆளும் போனதால்தான் வாசகரைச் சென்றடைந்தது.

ஆளுக்கு வழி செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஊராட்சி நூலகங்கள் காட்டிவிட்டன. அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் 2006 முதல் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். கட்டடம் எழுந்தது, நூல்களும் வந்தன. பொறுப்பாளருக்குத் தந்த மதிப்பூதியம் மிகக் குறைவு. அவர் விலகிய ஊர்களில் நூலகம் பூட்டிக் கிடந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் நிதி ஒதுக்கிப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே நூலகங்களுக்கு உதவ விரும்பும் நிறுவனங்களிடமும் தனியாரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். நூலகரின் ஊதியம் அரசின் பொறுப்பாகவே இருக்கட்டும். உங்கள் நிதியில் ஒரு பகுதியை, மாலையில் இரண்டு மணி நேரம் நூலகருக்குத் துணைநிற்கும் உதவியாளரின் மதிப்பூதியத்துக்கும், பயிற்சிக்குச் செல்லும் நாளில் மாற்று ஆளுக்கும், மாதாந்திர நிகழ்ச்சிச் செலவுக்கும் ஒதுக்குங்கள். அதையும் ஓராண்டுக்கு மட்டும் தராமல் மூன்றாண்டுகளுக்கு உறுதி செய்யுங்கள். உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கும் நூலக வரியை நிலுவையின்றி, மாவட்டத்தின் பொது நூலகங்களை நிர்வகிக்கும் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்துகின்றனவா என்று கவுன்சிலரிடம் கேட்கும் உரிமை வரி கட்டும் ஒவ்வொருவருக்கும் உண்டு. எங்கள் வாசகர் வட்டம் இந்த ஆண்டு தயாரித்துள்ள நிதியுதவிக் கோரிக்கையில் உதவியாளரின் மதிப்பூதியத்தை முதலாவதாகவும் கதை நேரச் செலவை இரண்டாவதாகவும் எழுதியிருக்கிறோம். புதிய அலமாரிகள் அவற்றுக்குப் பிறகே இடம்பெறுகின்றன.