போர்ச்சினி ஊறுன தண்ணி

8 நவம்பர் 2017, புதன்

மதியம் வெங்காயம் நறுக்கிட்டு இருக்கேன், எங்க ஷெஃப் போனைப் பாத்துட்டு அப்டியே நின்னுட்டாரு. இத்தாலி சமையலுக்குப் பேர்போன அன்டோனியோ கார்லூச்சியோ போயிட்டாராம், 80 வயசு. நான் அந்த மனுசனை நேர்ல பாத்ததே இல்ல, ஆனா அவர் பேரைச் சொல்லி ஒரு தடவை திட்டு வாங்கியிருக்கேன்.

வேலைக்கு சேந்த முதல் வாரம். காஞ்ச போர்ச்சினி காளானை சுடுதண்ணில ஊறப்போடச் சொன்னாங்க, போட்டேன். அரைமணி கழிச்சு காளானை அள்ளி எடுத்துட்டு, நம்மூர்ல கடலை ஊறுன தண்ணிய கீழ ஊத்துற மாதிரி அந்த பழுப்புத் தண்ணிய மொத்தமா சிங்க்ல கொட்டிட்டேன். ஷெஃப் தலைல கைய வச்சுட்டாரு. ருசி பாதி அந்தத் தண்ணிலதான்டா இருக்கு, கார்லூச்சியோ இங்க இருந்தா உன்னையும் அதோட சேத்து சிங்க்ல ஊத்தியிருப்பாருன்னாரு. இன்னிக்கு அதை ஞாபகப்படுத்தி ரெண்டு பேரும் சிரிச்சோம், அப்புறம் அவரு கொஞ்ச நேரம் ஃப்ரீசர் பக்கம் போயிட்டு வந்தாரு.

10 நவம்பர், வெள்ளி

ராத்திரி தூக்கம் வரல, அவரைப் பத்தியே படிச்சுட்டு இருந்தேன். 1937ல தெற்கு இத்தாலில கடலோரமா வியெத்ரி சுல் மாரேன்னு ஒரு ஊர்ல பொறந்துருக்காரு. வளந்ததெல்லாம் வடக்க, பியெட்மான்ட்ல. அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். ரயில் நிலவரம் பாத்துட்டு வீட்டுக்கு ஓடி, அம்மாகிட்ட பாஸ்தாவ தண்ணில போடச் சொல்றதுதான் பையனோட டூட்டியாம். காட்டுல காளான் பொறுக்கப் பழகுனதும் அந்த வயசுலதான்.

அப்புறம் வியன்னா, ஜெர்மனி, 1975ல லண்டன். இதெல்லாம் சமையல்காரனா இல்லீங்க, வியன்னாவுக்கு மொழி படிக்கப் போனாரு, மத்த ரெண்டு எடத்துலயும் ஒயின் வியாபாரம்! வியன்னால தனியா கெடந்தப்ப அம்மா சாப்பாட்டுக்கு ஏங்கித்தான் கரண்டியவே கையில எடுத்துருக்காரு, சமையல் ஸ்கூல் பக்கமெல்லாம் போனதே இல்ல. 1981ல லண்டன் நீல் ஸ்ட்ரீட் ரெஸ்டாரன்ட் அவர் பொறுப்புக்கு வருது, டிவில சமைக்கிற ஜேமி ஆலிவர் எல்லாம் அங்க வேலை பாத்த ஆளுதான். பேரு போட்ட கடைங்க, டிவி, விருது, அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.

எனக்குப் புடிச்சது வேற. இங்க இங்கிலாந்து காட்டுக்குள்ள போனா அவங்க ஊர் போர்ச்சினியே முளைச்சுக் கெடந்துருக்கு, ஆனா இங்க உள்ளவங்க பயந்துட்டு தொடறதே இல்ல. பொழைக்க வந்த ஊர்ல நம்ம வீட்டுச் சாப்பாடு தரையிலயே கெடந்தா எப்டி இருக்கும்? கூடையத் தூக்கிட்டு கெளம்பிருவாராம். ஹேசல் மரக் கம்பை வெட்டி, உக்காந்து செதுக்கி கைத்தடி பண்றது இன்னொரு கிறுக்கு.

13 நவம்பர், திங்கள்

லீவு. ஈஸ்ட் ஹாம்ல ஏறி மைல் எண்ட்ல மாறி லவுட்டன்ல இறங்கி எப்பிங் காட்டுக்குப் போனேன். ஒரே பீச் மர இலை, முழங்கால் வரைக்கும். இங்க காளான் பறிக்கத் தடை, பாக்க மட்டும்தான் போனேன். போர்ச்சினி கண்ணுலயே படல, சீசன் முடிஞ்சிருச்சு போல. அதை நம்மூர் பட்டன் காளான் மாதிரி ஷெட்டு போட்டும் வளக்க முடியாது, மரத்து வேரோட ஒட்டி உறவாடினாத்தான் முளைக்கும்.

வெள்ளையா ஒண்ணு கெடந்துச்சு, கிட்டயே போகல. டெத் கேப்னு ஒண்ணு இருக்கு, குடைக்கு அடியில வெள்ளை மடிப்பு, தண்டுல ஒரு வளையம், அடியில பை மாதிரி ஒரு உறை, அந்த உறை மண்ணுக்குள்ள இருக்கும், மேலாக்க கிள்ளுனா தெரியவே தெரியாது. வேக வச்சாலும் விஷம் போகாது. அரை நாள் கழிச்சுத்தான் வாந்தி ஆரம்பிக்கும், நடுவுல சரியாயிட்ட மாதிரி ஒரு நாள் இருக்கும், அதுக்குள்ள ஈரல் போயிருக்கும். எங்கம்மா புத்துல முளைக்கிறதை மட்டும் பறிச்சுட்டு மத்ததெல்லாம் நாய்க்குடைடா தொடாதன்னு சொல்லும். அதுக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னு நான் கேட்டதே இல்ல.

16 நவம்பர், வியாழன்

சின்ன பாக்கெட் போர்ச்சினி வாங்கினேன், வெல அநியாயம். சுடுதண்ணில ஊற வச்சு, காளானை அள்ளி சின்ன வெங்காயம் மிளகு போட்டு வதக்கி, அந்தத் தண்ணிய வேட்டித் துணில வடிகட்டி அதுலயே அரிசிய போட்டேன். ரூம்ல இருக்க புதுக்கோட்டைத் தம்பி குளிச்சுட்டு வந்தவன் கதவுலயே நின்னுட்டு, என்னண்ணே மழை பேஞ்ச புத்து வாசம் அடிக்குதுன்னான்.

பாத்திரத்து அடியில ரெண்டு ஸ்பூன் தண்ணி மண்ணோட நின்னுச்சு. சிங்க்ல கொட்ட மனசு வரல, ஜன்னலோரம் இருக்க கருவேப்பிலைத் தொட்டில ஊத்திட்டேன்.