காதில் புற்றை வெட்டிய பிறகு

தோட்டத்திலும் வள்ளத்திலும் வேலை செய்பவர்கள் தலையில் துவாயைச் சுற்றினாலும் காதின் மேல்விளிம்பு வெயிலுக்குள்தான் கிடக்கும். கறுத்த தோலில் தோல் புற்றுநோய் குறைவு, ஆனாலும் வரும். பொருக்குத் தட்டி, உதிர்ந்து, திரும்பவும் பொருக்குத் தட்டுகிற புண் ஒரு மாதமாகியும் ஆறாவிட்டால், களிம்பு பூசிக்கொண்டிராமல் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேணும்.

புற்றை எடுக்கும்போது பெரும்பாலும் சுற்றிவர 4 முதல் 6 மில்லிமீற்றர் நல்ல தோலும் போகும். பிறகு எப்படி மூடுவது? ஓட்டையின் அளவைப் பார்க்க முன்னமே, காதுக்கு வடிவம் கொடுக்கும் கசியிழையத்தை (குருத்தெலும்பை) போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேணும். கசியிழையத்துக்குள் இரத்தக்குழாய் இல்லை, அதற்குச் சாப்பாடு அந்தச் சவ்விலிருந்துதான். சவ்வு இருந்தால் காதுக்குப் பின்னால் எடுத்த தோலை ஒட்டலாம், பிடிக்கும். சவ்வு போன இடத்தில் ஒட்டினால் சில நாளில் கறுத்துக் கழன்றுவிடும். காதுத் துவாரத்துக்கு வெளியே கிண்ணம்போல் இருக்கும் குழி என்றால் வெறுமையான கசியிழையத்தையே எடுத்துவிட்டு, பின்பக்கத் திசுவின் மேல் ஒட்டலாம். விளிம்பில் அப்படிச் செய்தால் காது சுருங்கி மடங்கும்.

விளிம்பில் 1.5 சென்ரிமீற்றர் வரை ஆப்பு வடிவில் வெட்டி இணைக்கலாம். வெறும் ஆப்பாக விட்டால் காது கிண்ணம்போல் முன்னுக்குக் குவியும். பக்கத்தில் சிறு முக்கோணங்களும் எடுக்க வேணும். அதைவிடச் சற்றுப் பெரிய ஓட்டைக்கு, மும்பைச் சத்திரசிகிச்சை நிபுணர் நோஷிர் அன்ரியா, புச் என்பவருடன் 1967இல் எழுதிய முறை இன்றைக்கும் கைகொடுக்கிறது. முன்தோலையும் கசியிழையத்தையும் விளிம்போரமாக வெட்டி, பின்தோலை அறுக்காமல், விளிம்பை நகர்த்திச் சேர்ப்பது. காது கொஞ்சம் சிறுக்கும், வடிவம் கெடாது. தைக்கும்போது இரண்டு ஓரமும் சற்று மேலெழும்பி நிற்க வேணும். மட்டமாகத் தைத்தால் தழும்பு இழுத்து, விளிம்பில் பள்ளம் விழும்.

இன்னும் பெரிதென்றால் காதுக்குப் பின்தோலை அடிப்பக்கம் அறுக்காமல் மடல்போல் திருப்பித் தைத்து, மூன்று கிழமைக்குப் பிறகு அந்த அடியை அறுக்க வேணும். இப்படி மடல் திருப்ப முன்னர், ஓரத்தில் புற்று மிஞ்சவில்லை என்ற பரிசோதனை அறிக்கை கையில் இருப்பது நல்லது. அதுவரை காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டு காத்திருக்கலாம். மிஞ்சிய புற்று மடலுக்கடியில் மறைந்து வளர்ந்தால் தெரியப் பிந்தும். சுருட்டுக் குடிப்பவர்கள் கட்டாயம் விட வேணும். நிக்கோட்டின் இரத்தக்குழாயை ஒடுக்க, மடலின் நுனி செத்துப்போகும்.

ஒட்டிய தோலின் மேல் பஞ்சுப்பொதியை இறுகத் தைத்து 5 முதல் 7 நாள் வைப்பது அடியில் இரத்தம் தேங்காமலிருக்கத்தான். வலி குறையாமல் கூடிக்கொண்டே போய், காது சிவந்து வீங்கினால், கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்கக் கூடாது, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேணும். கசியிழையத்தில் சூடோமோனாஸ் கிருமி தொற்றினால் காது கரைந்துவிடும். அந்தக் கிருமிக்கு ஈரம் பிடிக்கும். ஆகவே கிணற்றடியில் தலைக்கு வார்க்காமல் உடம்புக்கு மட்டும் வாருங்கள். கீரிமலைக் கேணியும் கடலும் காயம் முழுதாக மூடிய பிறகுதான்.