ஃபேனை நிறுத்திய கணக்கு

மாட்டுங்கா வீட்டில் நேற்று ராத்திரி, பதினொன்றாம் வகுப்பு மகளுக்குக் கோண முடுக்கக் கணக்கு; அதாவது சுழலும் வேகம் விநாடிக்கு எவ்வளவு மாறுகிறது என்பது. 300 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 300 சுற்று வேகத்தில் சுற்றும் ஃபேன் சீராக வேகம் குறைந்து 20 விநாடியில் நிற்கிறது. 300-ஐ 20-ஆல் வகுத்து 15 என்று எழுதிவிட்டாள். நானும் ஒரு காலத்தில் இதே பள்ளத்தில் விழுந்தவன்தான். முதலில் நிமிடத்தை விநாடிக்கும், சுற்றை ரேடியனுக்கும் (கோணத்தின் அலகு, ஒரு சுற்றுக்குச் சுமார் 6.28) மாற்றணும்: விநாடிக்கு 31.4 ரேடியன். அப்புறம் வகுத்தால் 1.57, வேகம் குறைவதால் மைனஸ்.

“இறக்கை நுனிக்கு எவ்வளவுப்பா?”

ஆரம் 0.6 மீட்டர், பெருக்கினால் 0.94 மீ/வி². சரி, அது தொடுகோட்டு முடுக்கம் மட்டும், நுனி நகரும் பாதையை ஒட்டியது. மையத்தை நோக்கி இன்னொன்று இருக்கிறதே, முழு வேகத்தில் அது 592 மீ/வி²! புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 60 மடங்கு. வாயைப் பிளந்து ஃபேனை அண்ணாந்து பார்த்தாள்.

நிற்பதற்குள் 50 சுற்று என்றது கணக்கு. நம் ஃபேன் எப்படி என்று பார்க்க சுவிட்சை அணைத்தோம். மும்பை மே மாதப் புழுக்கம். இறக்கை கண்ணுக்குத் தெரிவதற்குள் உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: “எவன்டா ஃபேனை நிறுத்தினது?”