அரிக்கமேட்டு மணியும் 400 ரூபாய் ஆட்டோவும்

கடலூர் பஸ்ஸில் வந்து அரியாங்குப்பத்தில் இறங்கி, பாண்டிக்குப் பக்கத்தில் ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்கு ஆட்டோ கேட்டால் கூசாமல் 400 என்கிறார் ஒருவர். பேரம் பேசி 250க்கு ஏறினேன். இறங்கும்போது "வெயிட்டிங்குக்கு ஐம்பது சேர்த்துக் கொடுங்க சார்" என்றார். வெயிட்டிங்காம்! கால் மணி நேரம் புளிய மர நிழலில் போன் பார்த்ததற்கு.

சரி, அங்கே என்ன இருக்கிறது? மாந்தோப்பு, ஆறு, கொஞ்சம் செங்கல் சுவர். அதுவும் ரோமானியர் வணிகம் செய்த காலத்தது இல்லை, 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டடத்தின் மிச்சம். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியச் சிவப்பு மட்பாண்ட ஓடுகளும் ஒயின் ஜாடிகளும் கிடைத்த மண்ணுக்கு மேலேதான் நிற்கிறோம், ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. போனைத் தூக்கிப் பிடித்தால் குழி இப்படி இருந்தது, ஜாடி இங்கே கிடந்தது என்று காட்டும் தொழில்நுட்பம் இந்த மாதிரி இடத்துக்குத்தான் வேண்டும். தாஜ்மகாலுக்கு எதற்கு?

மதியம் பாண்டியில் ஒரு மெஸ். சங்கரா மீன் குழம்பு, மேலே மிதந்த எண்ணெயைப் பார்த்ததுமே ஆட்டோக்காரரை மன்னித்துவிட்டேன். 120 ரூபாய். குழம்பை மூன்றாம் முறை கேட்டபோதும் முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள்.

அப்புறம் செயின்ட் லூயிஸ் தெரு அருங்காட்சியகம். அரிக்கமேட்டுக் கண்ணாடி மணிகள் முன்னால் வெகுநேரம் நின்றேன். சில கடுகளவுதான், அதற்குள்ளும் நூல் கோக்க ஒரு துளை! இதை வெறும் கண்ணால் பார்த்துத் தீராது, திரையில் பெரிதாக்கித் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஜாடி என்றால் சுலபம். சுற்றிச் சுற்றி நூறு படம் எடுத்துக் கணினியில் போட்டால் முப்பரிமாண உருவம் வந்துவிடும். கண்ணாடி அப்படி மசியாது. ஒளி ஊடுருவும், பளபளக்கும், ஒவ்வொரு படத்திலும் மினுக்கு வேறு இடத்தில் விழும், மென்பொருள் குழம்பிவிடும். ஒளியைக் கட்டுப்படுத்தி, கேமராவில் மினுக்கைக் குறைக்கும் ஃபில்டர் போட்டுப் பொறுமையாக எடுக்க வேண்டும்.

இதெல்லாம் வெட்டிச் செலவு என்பவர்களுக்கு அதே தெருவிலேயே பதில் இருக்கிறது. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பில் கோயில் கோயிலாகப் போய் எடுத்த படங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். எங்கள் மாவட்டத்து விருத்தாசலம் கோயில் அர்த்தநாரி சிலையைத் திருடிக் கடத்தி, 2004இல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். அது நம்முடையதுதான் என்று காட்டிக் கொடுத்தது அந்தத் தொகுப்பில் இருந்த, கோயில் மாடத்தில் எடுத்த பழைய படம். 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. எடுத்தவர் அன்றைக்கு இதை நினைத்தா எடுத்திருப்பார்?

'படம் எடுக்கக் கூடாது' என்று போர்டு மாட்டும் கோயில்காரர்களே, எங்கள் போனை வேண்டுமானால் பிடுங்கிக் கொள்ளுங்கள். நீங்களாவது ஒவ்வொரு சிலையையும் நாலு பக்கமும் எடுத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலையும் வைத்து, பத்திரப்படுத்துங்கள்.